நொறுங்கும் உலோகத்தின் பயன்

ஆகாய விமான யந்திரத்துக்கு உலோகம் தேடுவோர் மூன்று குணங்களை வேண்டுவர்: வெப்பத்தில் வலிமை குன்றாமை, கனமின்மை, எளிதில் முறியாமை. இம்மூன்றையும் நிறைவாகப் பெற்ற உலோகத்தை எவரும் கண்டிலர். ஆகவே, ஒன்றிற் குறையுடையதென ஒரு பொருளைத் தள்ளிவிடுதல் தகாது. குறையின் காரணத்தை ஆராய்ந்து, ஏற்ற இடத்தில் அதனை அமர்த்துவதே அறிவுடைமை என்பது எமது கருத்து. டைட்டானியம் அலுமினைடு இதற்குத் தக்க சான்றாகும்.

சாதாரண உலோகக் கலவைகளில் அணுக்கள் பெரும்பாலும் வரையறையின்றிக் கலந்திருக்கும். அலுமினைடு முதலிய உலோகச் சேர்மங்களிலோ, ஒவ்வோர் அணுவும் தனக்குரிய இடத்தில் நிற்கும். இவ்வொழுங்கினால் அணுக்கள் இடம்பெயர்தல் அரிதாகிறது; பழுக்கக் காய்ந்த நிலையிலும் வலிமை எளிதிற் குறைவதில்லை. ஆயின், குளிர்ந்த நிலையில் இழுத்தால் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே நீண்டு முறிந்துவிடும். குணமும் குற்றமும் ஒரே வேரிற் கிளைத்தவை.

நிற்க. இதன் கனம் நீரைப்போல் ஏறக்குறைய 4 மடங்கு. டர்பைன் இறகுகளுக்கு நெடுநாளாக வழங்கிவரும் நிக்கல் கலவைகளின் கனமோ சுமார் 8 மடங்கு. சுழலும் இறகின் கனம் பாதியானால், அதைத் தாங்கும் சக்கரமும் இலகுவாகும். இப்பயனைக் கருதியே அறிஞர் பல்லாண்டு உழைத்தனர். நூறு அணுக்களில் டைட்டானியம் 48, அலுமினியம் 48, குரோமியம் 2, நையோபியம் 2 என அமைந்த கலவை, ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தாரின் ஜி.இ.என்.எக்ஸ். யந்திரத்தில் இடம்பெற்று, 2011ஆம் ஆண்டில் போயிங் 747-8 விமானத்துடன் சேவைக்கு வந்தது. ஏறக்குறைய 750 பாகை செல்சியஸுக்கு மேல் அது நெடிது தாங்காதாகையால், வெப்பம் தணிந்த கடைசி வரிசைகளிலேயே அதனை அமைத்தனர்.

இத்துணை உழைப்பும் சில வரிசை இறகுகளுக்குத்தானோ எனச் சிலர் வினவலாம். விமானம் பறக்கும் ஒவ்வொரு நாளும் அவ்விறகுகள் எரிபொருளை மிச்சப்படுத்துகின்றன என்பதே எமது விடை. நம் நாட்டிலும், ஹைதராபாத் பாதுகாப்பு உலோக ஆராய்ச்சிச்சாலையில் திபங்கர் பானர்ஜியும் உடனுழைத்தோரும், டைட்டானியம், அலுமினியம், நையோபியம் மூன்றும் ஒழுங்குற அமைந்த புதிய சேர்மமொன்றை 1988இல் வெளியிட்டனர். அதனை அடிப்படையாகக் கொண்ட கலவைகளைப் பிற நாட்டினரும் ஆராய்கின்றனர்.

விதைத்த மறுநாளே கனி கேட்போர்க்கு இத்தகைய பேறு வாய்ப்பதில்லை. ஆராய்ச்சிக்குப் பொருள் வழங்குவோர் ஆண்டுதோறும் லாபக்கணக்குக் கேளாது, காலமும் சேர்த்து வழங்குதல் வேண்டும். மாணவர்களே, சோதனையில் முறிந்த துண்டை எறிந்துவிடாதீர்கள். முறிந்த முகத்தை உற்று நோக்குங்கள். அடுத்த கலவைக்குரிய பாடம் ஆங்கே உளது.