இரண்டாவது வாய்ப்பு எங்கே இருக்கிறது?



இறந்தவர்கள் போகும் உலகம், அங்கே கிடைக்கும் இன்னொரு வாய்ப்பு. இதை வைத்து நம் வயதுக்காரர்களுக்கு எத்தனையோ நாவல்கள் வந்திருக்கின்றன. "படிக்கிற வயசுல சாவுக்கதை எதுக்கு?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். "பேய் வருமா?" என்று நாம் கேட்போம். என் கருத்து வேறு. இவை நம் பக்கத்து பெஞ்சில் இருப்பவரைப் பற்றிய கதைகள். மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, அமெரிக்க எழுத்தாளர் கேப்ரியல் ஸெவினின் 'எல்ஸ்வேர்', 2005-இல் வந்தது. சைக்கிளில் போன லிஸ் என்ற 15 வயதுப் பெண் டாக்சி மோதி இறந்துவிடுகிறாள். அவள் போய்ச் சேரும் உலகத்தில் எல்லோருக்கும் வயது குறைந்துகொண்டே வரும். கடைசியில் கைக்குழந்தையாகி, மறுபடியும் பூமியில் பிறக்க வேண்டும். அங்கே காசு போட்டால் தொலைநோக்கியில் பூமியைப் பார்க்கலாம். லிஸ் அம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டே நாட்களைக் கழிக்கிறாள். கூடவே இருக்கும் பாட்டி அவள் கண்ணில் படவே இல்லை! தொலைநோக்கியை விட்டு அங்குள்ளவர்களோடு பழகிய பிறகுதான் அவள் வாழவே ஆரம்பிக்கிறாள்.

இரண்டாவது, லாரன் ஆலிவரின் 'பிஃபோர் ஐ ஃபால்'. இதுவும் அமெரிக்க நாவல்தான், 2010-இல் வந்தது. கார் விபத்தில் சிக்கிய சமந்தா என்ற மாணவி கண் விழித்தால் மறுபடியும் அதே பிப்ரவரி 12! அந்த நாள் ஏழு முறை வருகிறது. தான் எப்படித் தப்பிப்பது என்றுதான் முதலில் யோசிக்கிறாள். போகப் போக, தன் தோழிகள் கூட்டம் வருஷக்கணக்காகக் கேலி செய்த ஜூலியட் அவள் மனசுக்குள் வருகிறாள்.

மூன்றாவது, ஜப்பானிய எழுத்தாளர் எடோ மோரியின் 'கலர்ஃபுல்'. 1998-இல் வந்த நாவல், 2010-இல் அனிமேஷன் படமாகவும் ஆனது. பாவம் செய்த ஓர் ஆன்மாவுக்குக் குலுக்கலில் பரிசு விழுகிறது. வாழ்க்கையை வெறுத்து உயிரை விடத் துணிந்த மகோடோ என்ற 14 வயதுப் பையனின் உடம்பில் கொஞ்ச காலம் வாழலாம். அதே வீடு, அதே ஸ்கூல், அதே அம்மா. எதுவும் மாறவில்லை. ஆனால் நல்லவர், கெட்டவர் என்று ஒரே நிறத்தில் தெரிந்த மனிதர்கள் பல நிறங்களில் தெரிய ஆரம்பிக்கிறார்கள். முடிவைச் சொல்ல மாட்டேன், படிச்சுப் பாருங்க.

"செத்துப்போனா எல்லாம் சரியாயிடும்னு பிள்ளைங்க நினைச்சுட்டா?" இந்தப் பயம் நியாயமானதுதான். 1973-இல் ஸ்வீடனில் வந்த 'லயன்ஹார்ட் சகோதரர்கள்' கதைக்கும் இதே எதிர்ப்பு எழுந்தது. ஆனால் இந்த மூன்று நாவல்களிலும் இறந்தவர்கள் எதற்காக ஏங்குகிறார்கள் என்று பாருங்கள். வீடு, அம்மா, நண்பர்கள், இன்னும் ஒரு நாள். அதெல்லாம் இப்போது நம் கையில் இருக்கிறதே!

நமக்குக் குலுக்கல் நடத்த எந்தத் தேவதையும் வரப்போவதில்லை. அதனால் இந்தப் புத்தகங்களைப் பூட்டி வைக்காமல் வகுப்பிலேயே பேசலாம் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மனசு தாங்காமல் போனால் அம்மாவிடமோ டீச்சரிடமோ வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நண்பன் அப்படிச் சொன்னால் சிரிக்காதீர்கள், ரகசியம் என்று மூடியும் வைக்காதீர்கள். உடனே ஒரு பெரியவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

சமந்தாவுக்கு ஒரே நாள் ஏழு முறை வந்தது. நமக்கு ஒரு முறைதான் வரும். நாம் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிற அந்த ஒருவரை, இன்றைக்கு இன்டர்வெல்லில் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்போமே!