நகைப்பெட்டியில் வந்த துப்பாக்கி

2014 ஜனவரியில் கான்பூரின் அரசு ஆயுதத் தொழிற்சாலை, பெண்களுக்கென்றே ஒரு கைத்துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடை 500 கிராம். விலை 1,22,360 ரூபாய். பெயர் ‘நிர்பீக்’, அதாவது அச்சமற்றவர். 2012 டிசம்பர் 16 அன்று டெல்லிப் பேருந்தில் சிதைக்கப்பட்ட பெண்ணுக்கு ஊடகங்கள் சூட்டிய ‘நிர்பயா’வுக்கும் அதே பொருள்தான். அரக்கு நிற நகைப்பெட்டியில் வைத்து விற்றார்கள்.

எங்கள் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் பெண்ணுக்கு நாள் கூலி 400 ரூபாய் என்றே வைப்போம். சோறு தண்ணி இல்லாமல் சேர்த்தாலும் 306 நாள் கூலி அது. பிறகு உரிமத்துக்கு அலைய வேண்டும். சரி, வாங்கியே விட்டாள். யாரைச் சுடுவாள்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, பத்து வன்புணர்வு வழக்குகளில் ஒன்பதுக்கும் மேல் குற்றம்சாட்டப்பட்டவன் அவளுக்குத் தெரிந்தவன். மேஸ்திரி, பக்கத்து வீட்டுக்காரன், மாமன் மகன். அவள் வீட்டு பீரோவில் துப்பாக்கி இருந்தால் சாவி யார் இடுப்பில் இருக்கும்? அடிக்கிற புருஷன் கைக்கு அது எட்டாதா?

டெல்லிக்கு இரண்டு நாள் முன்பு, அமெரிக்காவின் சாண்டி ஹுக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தத் துப்பாக்கியின் விளம்பரம் ஆண்மையை விற்றது. வாங்கினால் நீ ஆண்பிள்ளை என்றது. துப்பாக்கி நிறுவனங்களுக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டம் கவசமாக இருந்ததால், குடும்பங்கள் விளம்பரத்தையே குற்றமாகப் பிடித்தன. 2019இல் கனெக்டிகட் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கு நடக்கலாம் என்றது. 2022இல் ரெமிங்டனின் காப்பீட்டு நிறுவனங்கள் 9 பேரின் குடும்பங்களுக்கு 7.3 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன.

அங்கே ஆண்மை சரக்கு. இங்கே நம் பயம் சரக்கு. பெண் துப்பாக்கி ஏந்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தற்காப்பு அவள் உரிமை. ஆனால் ‘அச்சமின்மை’ என்று பெயரிட்டு விற்றவர், அந்த வாக்குக்குப் பதில் சொல்ல வேண்டும். நம் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு அபராதம் உண்டு; தந்த உத்தரவாதப்படி பொருள் இல்லாமல் தீங்கு நேர்ந்தால் உற்பத்தியாளரே பொறுப்பு. ஃபேர்னஸ் கிரீமைக் கேள்வி கேட்கும் நாம் துப்பாக்கியை ஏன் விட வேண்டும்?

இங்கே விற்றவர் அரசு என்பதுதான் கொடுமை. பேருந்து நிறுத்தத்தில் விளக்கு, புகாரை வாங்கும் காவல் நிலையம், பண்ணையிலும் மில்லிலும் உள்ளகப் புகார்க் குழு: இவையெல்லாம் அரசு நமக்குப் பட்ட கடன். கடன்காரரே நம்மிடம் விலை சொல்கிறார். வாங்காதீர்கள், கடனைக் கேளுங்கள்.