மணலுக்கு ஏற்ற சைக்கிள்



ஆலந்தலையிலிருந்து ஒரு தம்பி கடிதம் எழுதியிருக்கிறார். பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளைத்தான் இன்னும் ஓட்டுகிறாராம். விடியற்காலையில் அப்பாவின் வள்ளம் கரைக்கு வரும்போது ஐஸ் பெட்டியோடு போய் நிற்க வேண்டும். ரோடு முடிகிற இடத்தில் சக்கரம் புதைந்துவிடுகிறது, அங்கிருந்து உருட்டல்தான். கையில் பதினைந்தாயிரம் சேர்ந்திருக்கிறது, குண்டு டயர் போட்ட ஃபேட் பைக் வாங்கலாமா, வீட்டில் வீண்செலவு என்கிறார்கள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

வாங்கலாம் தம்பி. ஆனால் எதைப் பார்த்து வாங்குவது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பேசிவிடுவோம். இதே கேள்வி கடற்கரை ஊர்களில் வேறு பலருக்கும் இருக்கும்.

நகரத்தில் இந்தக் குண்டு டயர் சைக்கிளை வாங்குகிறவர்களில் பலர் அதன் தோற்றத்துக்காகவே வாங்குகிறார்கள். தார் ரோட்டில் நான்கு அங்குல டயர் வெறும் பாரம். பள்ளிக்கும் டியூஷனுக்கும் போய்வரும் பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுத்தால், ஒரே மாதத்தில் கால் வலிக்கிறது என்று மூலையில் சாய்த்துவிடும். ஆலந்தலையின் நிலம் வேறு. திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலுக்கும் தேரிக்கும் நடுவில் இருக்கிற முத்துக்குளித்துறை ஊர் அது. கிழக்கே கடற்கரை மணல். மேற்கே போனால் குதிரைமொழித் தேரியின் செம்மணல், பனையும் முந்திரியும் உடைமரமுமாக விரிந்து கிடக்கிறது. சாதாரண சைக்கிளை இந்த நிலம் என்றைக்கும் முழுசாக ஏற்றுக்கொண்டதில்லை.

குண்டு டயர் வண்டி பிறந்ததே இப்படிச் சக்கரம் புதைகிற இடங்களில்தான். அமெரிக்காவின் அலாஸ்காவில் 1987இல் இடிடாபைக் என்ற பனிவழி சைக்கிள் பந்தயம் தொடங்கியது. பனியில் சக்கரம் புதைந்ததால் ஓட்டிகள் இரண்டு ரிம்களை ஒட்டவைத்து அகலமாக்கிப் பார்த்தார்கள். ஃபேர்பேங்க்ஸ் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த சைமன் ராக்கோவர் 44 மில்லிமீட்டர் அகல ரிம்மைச் செய்து விற்றார். தெற்கே, நியூ மெக்சிகோவில் ரே மொலினா என்பவர் பாலைமணலுக்காகவே மூன்றரை அங்குல டயரும் அதற்கேற்ற ரிம்மும் செய்தார். 2005இல் மின்னசோட்டாவின் சர்லி நிறுவனம் 3.7 அங்குல டயரோடு பக்ஸ்லி என்ற சைக்கிளைக் கடைக்குக் கொண்டுவந்த பிறகுதான் இது உலகெங்கும் பரவியது. பனியில் ஒருவர், மணலில் ஒருவர் என்று, ரோடு இல்லாத இடத்தில் போயாக வேண்டியிருந்தவர்கள் உருவாக்கிய வண்டி இது.

டயர் அகலமாக இருந்துவிட்டால் மட்டும் மணலில் ஓடிவிடாது. கடைக்காரர்கள் பலர் இதைச் சொல்வதில்லை. உங்கள் எடை எழுபது கிலோ, சைக்கிள் இருபது கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் தொண்ணூறு. சாதாரண டயரில் 60 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் இருந்தால், இரண்டு சக்கரமும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு சுமார் 21 சதுர சென்டிமீட்டர்தான். குண்டு டயரில் காற்றை 10 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் அது ஏறக்குறைய 128 சதுர சென்டிமீட்டராகிறது. பாரம் ஆறு மடங்கு இடத்தில் பரவுவதால்தான் சக்கரம் புதைவதில்லை. வள்ளத்தைக் கரையேற்றும்போது அடியில் பலகை போடுவது எதற்கோ, அதற்கேதான் இதுவும். ஆகவே மணலில் இறங்கும்முன் காற்றைக் குறையுங்கள், ரோட்டில் ஏறியதும் பதினைந்து, இருபது வரை ஏற்றிக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு கைப்பம்பும், குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டும் ஒரு கேஜும் வேண்டும். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் கண்ணை மூடிக்கொண்டு அடிக்க விடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் எவ்வளவு வரை தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள், அதைத் தாண்டக் கூடாது.

இனி விலை. பத்தாயிரத்துக்குச் சற்று மேலே தொடங்கி இருபதாயிரம் வரைக்கும் நம் ஊரில் ஃபேட் பைக் கிடைக்கிறது. அந்த விலைக்கு எல்லாமே நல்லதாக வராது. எதில் விட்டுக்கொடுப்பது, எதில் விடாப்பிடியாக நிற்பது என்பதுதான் கேள்வி.

முதலில் விட்டுவிட வேண்டியது முன்பக்க ஷாக் அப்சார்பர். இந்த விலையில் வருகிற சஸ்பென்ஷன் ஃபோர்க் எடையைக் கூட்டும். உப்புக் காற்றில் சீக்கிரமே இறுகிப்போகும். காற்று குறைந்த குண்டு டயரே குலுக்கலை வாங்கிக்கொள்ளும். நேரான, அசையாத ஃபோர்க் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, மொத்தம் 21 கியர் என்று ஆசை காட்டுவார்கள். அதுவும் வேண்டாம். முன் கியர் மாற்றியில் மணல் போய் அடைத்துக்கொள்ளும். முன்னால் ஒன்று, பின்னால் ஏழு போதும். அதில் மிதிக்க மிக இலகுவான கியர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மணலில் வேகம் வேண்டாம், நிற்காமல் நகர்ந்தால் போதும்.

பணத்தைப் போட வேண்டிய இடம் சக்கரம். ரிம் அலுமினியமாக இருக்கட்டும், ஸ்போக்ஸ் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஹப்பில் ஆட்டம் இருந்தாலோ கரகரவென்று சத்தம் வந்தாலோ அடுத்த வண்டிக்குப் போய்விடுங்கள். ஆன்லைனில் பெட்டியில் வருவது சில நூறு ரூபாய் மலிவாக இருக்கும். ஆனால் பெண்டு எடுக்கவும் பிரேக்கைச் சரிசெய்யவும் ஒரு கை பழகிய மெக்கானிக் வேண்டும். திருச்செந்தூரிலோ தூத்துக்குடியிலோ கடையில் போய் ஓட்டிப் பார்த்து வாங்குவதே எனக்குச் சரி என்று படுகிறது. கேரியர் பொருந்துமா என்பதை அங்கேயே கேளுங்கள். பின்பக்கம் அகலமாக இருப்பதால் சாதாரண கேரியர் உட்காராது, ஐஸ் பெட்டி வைக்கிறவருக்கு இதைவிட முக்கியமான கேள்வி இல்லை. பெடல்களுக்கு நடுவிலும் அகலம் கூடுதல். தங்கையோ தம்பியோ ஓட்டப்போவதாக இருந்தால் அவர்களையும் ஏற்றிப் பாருங்கள்.

டியூபைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான்கு அங்குல டியூப் எல்லா ஊர்க் கடையிலும் இருக்காது. உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் தேரிப் பக்கம் எங்கும் கிடக்கின்றன. கரையிலோ அறுந்த தூண்டில் முள். சைக்கிளோடு இரண்டு உதிரி டியூப் வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள். சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரிக்கு முன் பதினைந்தாயிரம் விலை உள்ள வண்டிக்கு இது 1,050 ரூபாய் மிச்சம். அந்தப் பணத்தை உதிரி டியூபுக்கு ஒதுக்கலாம்.

உப்புதான் இந்த வண்டியின் பெரிய எதிரி. ஈர மணல் இறுகியிருப்பதால் அலை தொடுகிற ஓரத்தில் ஓட்டத் தோன்றும். அங்கே தெறிக்கிற தண்ணீர் ஹப்பிலும் பெடல் அச்சின் பி.பி. செட்டிலும் புகுந்தால் பேரிங் போய்விடும். கொஞ்சம் மேலேறி, அலை எட்டாத மணலிலேயே ஓட்டிப் பழகுங்கள். திரும்பி வந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, காயவிட்டு, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். சீட் கம்பியைக் கழற்றி கிரீஸ் தடவி வையுங்கள். எங்கள் கரையில் நல்ல தண்ணீர் கிடைப்பதே பாடு என்பீர்கள். ஒரு வாளி போதும் தம்பி, ஆனால் அன்றன்றைக்கே செய்ய வேண்டும். இதைச் செய்ய முடியாதவர் இந்த வண்டியை வாங்காமல் இருப்பதே நல்லது.

பழைய சைக்கிளை விற்றுவிடாதீர்கள். திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டுக்கும் உடன்குடிச் சந்தைக்கும் போக அதுதான் உங்களுக்கு உதவும். வீட்டில் இதைச் சொல்லுங்கள். மணலுக்கு ஒன்று, ரோட்டுக்கு ஒன்று என்றால் வீண்செலவு என்ற பேச்சு குறையும் என்று நம்புகிறேன்.

கடைசியாக, உங்களிடமும் கரையோர வாசகர்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். இந்த டயர் எங்கும் போகும் என்பதாலேயே எங்கும் போய்விடக் கூடாது. உலர்த்தியிருக்கிற வலைமேல் ஏற்றாதீர்கள். அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் படர்ந்த மணல்மேட்டை விட்டு விலகிப் போங்கள். கடற்கரை மணலைக் காற்று அள்ளிப் போகாமல் பிடித்து வைத்திருப்பவை அந்தச் செடிகள்தான். தேரியில் காப்புக்காடு இருக்கிறது, அங்கே வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். தை, மாசி, பங்குனியில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். முட்டை பொரித்துக் கடலுக்குப் போகும் குஞ்சு டயர் பதிந்த பள்ளத்தில் விழுந்தால் ஏறிவர முடியாமல் அங்கேயே கிடந்து செத்துப்போகும். அந்த மாதங்களில் இருட்டிய பிறகு கரையில் சைக்கிளை இறக்காதீர்கள். இறக்குகிறவர்களைப் பார்த்தால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்