நேசமணிக்குக் கூடிய கூட்டம்



காண்ட்ராக்டர் நேசமணியை மறந்திருக்க மாட்டீர்கள். 2001 பொங்கலுக்கு வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலுவின் தலையைச் சுத்தியல் பதம்பார்த்ததே, அதே நேசமணிதான். 18 ஆண்டுகள் கழித்து, 2019 மே கடைசியில், கட்டுமானப் பொறியியல் பேசும் ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, "உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டிருந்தார்கள். நம்மவர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், பெயிண்டிங் காண்ட்ராக்டர் நேசமணியின் மண்டையை உடைத்தது இதுதான் என்று சேர்த்துவிட்டார். இப்போது எப்படி இருக்கிறார் என்று இன்னொருவர் சிரிக்காமல் விசாரித்தார். அவ்வளவுதான். பிரதமர் பதவியேற்பு விழாச் செய்திகளுக்கு நடுவே, 'ப்ரே ஃபார் நேசமணி' என்ற ஹேஷ்டேக் உலக அளவில் டிரெண்டாகிவிட்டது.

தேர் எந்தத் தெருவில் திரும்பினாலும் பலூன்காரர் பின்னாலேயே வந்துவிடுவார் அல்லவா? நேசமணிக்குப் பின்னாலும் நிறுவனங்கள் வந்தன. நலம் விசாரிக்கும் சாக்கில் தங்கள் சரக்கையும் காட்டின. எந்த விளம்பரக் கம்பெனியும் உட்கார்ந்து யோசித்து இப்படியொரு கூட்டத்தைக் கூட்டியிருக்க முடியாது. கூட்டம் தானாகக் கூடியது. வியாபாரம் பின்னால் ஓடிவந்தது. இன்றைய விளம்பரத் தொழிலின் பாடு இதுதான்.

சில சமயம் இந்தக் கூட்டம் கம்பெனியையே பணியவைத்துவிடும். பிரிட்டனில் காட்பரி நிறுவனம் 'விஸ்பா' சாக்லேட்டை 2003-ல் நிறுத்திவிட்டது. அதைத் தின்று வளர்ந்தவர்கள் ஃபேஸ்புக்கிலும் மைஸ்பேஸிலும் பீபோவிலும் குழு சேர்ந்து, திரும்பக் கொண்டுவா என்று விடாமல் கேட்டார்கள். 2007 கிளாஸ்டன்பரி இசை விழாவில் மேடைக்கே பேனரோடு ஏறிவிட்டார்கள். அந்த ஆண்டே சோதனையாகக் கொஞ்ச காலத்துக்கு விஸ்பா கடைக்கு வந்தது. விற்ற வேகத்தைப் பார்த்து அடுத்த ஆண்டு நிரந்தரமாக்கினார்கள். சாக்லேட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்கத் தோன்றும். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருக்கிறது.

அழைக்காமல் நுழைவதற்கும் ஓர் அளவு உண்டு. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பாட்மிண்டன் வீராங்கனை பி.வி. சிந்து வெண்கலம் வென்ற சூட்டோடு, அவரோடு ஒப்பந்தமே இல்லாத நிறுவனங்கள் அவர் படத்துக்குப் பக்கத்தில் தங்கள் லோகோவை ஒட்டி வாழ்த்துக் கூறின. சிந்துவின் வணிக ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொள்ளும் பேஸ்லைன் வென்ச்சர்ஸ் சட்ட நடவடிக்கையில் இறங்கியது. பாராட்டுவதுபோல் பாராட்டி, ஒரு ரூபாய் கொடுக்காமல் அவர் முகத்தைப் பயன்படுத்திக்கொண்டால் வேறென்ன செய்வார்கள்?

இதையெல்லாம்விட நுணுக்கமான வேலை சின்னக் குழுக்களில் நடக்கிறது. மாடித்தோட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். கத்தரிக்கு மாவுப்பூச்சி வந்துவிட்டது என்று படம் போட்டால், வேப்பெண்ணெய்க் கரைசலில் தொடங்கிப் பத்துப் பேர் பதில் சொல்வார்கள். எந்த க்ரோ பேக் இரண்டு கோடை தாங்கும் என்று அங்கே ஒரு அக்கா சொன்னால், முழுப்பக்க விளம்பரத்துக்கு இல்லாத மதிப்பு அதற்கு உண்டு. அதனாலேயே தோட்டக்காரர் வேடத்தில் விளம்பர ஆட்கள் நுழைகிறார்கள். வந்த வாரமே ஒரே உரத்தை ஒரே வாசகத்தில் புகழ்பவரைக் குழு எளிதில் மோப்பம் பிடித்துவிடும். காசு வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பவர்கள் அதை விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-ல் நெறிமுறை வகுத்தது. ஆனாலும் எத்தனை ரீல்ஸில் அந்தச் சொல் கண்ணில் படுகிறது?

விளம்பரத்தைப் பழித்துவிட்டு விளம்பரத்தில் வாழ்கிற பத்திரிகைதானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், அந்தப் பணம் இல்லாவிட்டால் இந்த விலைக்கு இதழ் தர முடியாது. ஆனால் பணம் கொடுத்து வந்த பக்கத்தின் தலையில் 'விளம்பரம்' என்று போடுகிறோம். அந்தச் சொல்லை இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொல்லி வடிவமைப்பாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்கும் ஒரு வேலை. கடையிலிருந்து காணாமல்போன எந்தப் பொருள் திரும்ப வர வேண்டும்? கோல்ட் ஸ்பாட் குளிர்பானம் என்று எங்கள் அலுவலகத்தில் இப்போதே இரண்டு குரல்கள் எழுந்துவிட்டன. எழுதுங்கள், அடுத்த இதழில் வெளியிடுகிறோம். கம்பெனிக்காரர்களும் நம் இதழைப் படிக்கிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்