கரமனையாறு: அளவு ஓரிடம், அழுக்கு வேறிடம்

திருவனந்தபுரம் நகருக்குக் குடிக்கத் தண்ணீர் தருவது கரமனையாறு. அதே நகரின் அழுக்கைச் சுமந்து கொண்டு போய்க் கடலில் சேர்ப்பதும் அதே கரமனையாறுதான். மேலே தாய், கீழே தோட்டி என்று இரண்டு வேலைகளையும் ஒரே ஆறு செய்து வருகிறது. கரமனைப் பாலத்தைத் தினமும் பஸ்ஸில் கடந்து வேலைக்குப் போகும் தமிழர்களுக்கு இது தெரியாத செய்தி அல்ல. ஆனால் இந்த அழுக்கு எவ்வளவு, எங்கிருந்து வருகிறது, அதற்கு யார் பொறுப்பு என்ற மூன்று கேள்விகளுக்கும் ஊரில் ஒரே பதில்தான் சொல்லப்படுகிறது: "ஆற்றங்கரையில் இருப்பவர்கள் செய்கிறார்கள்." இந்தப் பதில் எவ்வளவு தூரம் சரி என்பதைச் சற்று ஆராய வேண்டியிருக்கிறது.

மேலே நல்ல தண்ணீர்

அகத்தியமலைப் பகுதியில் பிறக்கும் இந்த ஆறு, சுமார் 68 கிலோமீட்டர் ஓடித் திருவல்லத்தை அடுத்துக் கடலில் கலக்கிறது. வழியில் அருவிக்கரையில் அதை மறித்து, 1933-ல் வில்லிங்டன் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது. நகரம் பெருகியதால் அதற்கும் மேலே பேப்பாறையில் இன்னோர் அணை தேவைப்பட்டு, 1983-ல் அதுவும் வந்தது. ஆற்றின் நல்ல நீரில் பெரும் பங்கு அருவிக்கரையிலேயே குழாய் ஏறி விடுகிறது. வீடுகளிலும் ஓட்டல்களிலும் லாட்ஜுகளிலும் செலவாகிய பிறகு அதே நீர் சாக்கடையாகி, ஓடைகள் வழியே மீண்டும் ஆற்றுக்கே திரும்புகிறது.

கரமனைப் பாலத்துக்குக் கீழே கிள்ளியாறு வந்து சேர்கிறது. நெடுமங்காடு பக்கமிருந்து நல்ல நீராகப் புறப்படும் அந்தச் சிற்றாறு, நகரத்தின் நடுவே நுழைந்து வெளியே வருவதற்குள் நிறம் மாறி விடுகிறது. கிள்ளியாற்றைச் சுத்தம் செய்ய 2018-ல் பொதுமக்களும் உள்ளாட்சி மன்றங்களும் சேர்ந்து பெரிய இயக்கம் நடத்தியது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். குப்பை அள்ளப்பட்டது. ஆனால் குப்பை கண்ணுக்குத் தெரியும். கரைந்து வரும் அழுக்கு தெரியாது. அதைக் காட்டுவது அளவு மட்டுமே.

56 என்றால் என்ன?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-ல் நாடு முழுவதும் கெட்டுப்போன 351 ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. கேரளத்தில் மட்டும் 21. அவற்றுள் மிக மோசமானவற்றுக்கான முதல் வகுப்பில் திருவல்லம் வரையிலான கரமனையாற்றுப் பகுதி இடம் பெற்றது. ரயிலில் முதல் வகுப்பு என்றால் வசதி. இந்தப் பட்டியலில் முதல் வகுப்பு என்றால் அவமானம். அப்போது காட்டப்பட்ட அளவு லிட்டருக்கு 56 மில்லிகிராம். குளிக்கத் தகுந்த ஆற்று நீருக்கு உள்ள உச்ச வரம்போ 3 மில்லிகிராம்தான்.

இது அழுக்கின் எடை அல்ல, பிராணவாயுவின் கணக்கு. தண்ணீரில் உள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கின்றன. அப்படித் தின்னும்போது நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை எடுத்துக் கொள்கின்றன. ஒரு புட்டியில் ஆற்று நீரை அடைத்து, 27 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் வைத்து, எவ்வளவு பிராணவாயு குறைந்தது என்று பார்ப்பதே சோதனை. ஒரு லிட்டர் நீரில் சாதாரணமாகக் கரைந்து நிற்கக்கூடிய பிராணவாயுவே ஏழெட்டு மில்லிகிராம்தான். கேட்பதோ 56. வரவு ஏழு, செலவு ஐம்பத்தாறு என்றால் அந்தக் குடும்பம் எப்படி நடக்கும்? மீன் முதலில் சாகும்; பிறகு நாற்றம் எழும்.

56 என்பது அன்றைய அளவு. இன்றைய அளவாக அதைக் கொள்ளக் கூடாது. ஆனால் அதற்குள்ளே ஒரு பாடம் இருக்கிறது. அதைப் படிக்க விஞ்ஞானி ஆக வேண்டியதில்லை. கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

வாளிக் கணக்கு

நல்ல ஆற்று நீரின் அளவு 2 என்றும், வீட்டுச் சாக்கடையின் அளவு 200 என்றும் தோராயமாக வைத்துக் கொள்வோம். ஒன்பது வாளி ஆற்று நீரில் ஒரு வாளி சாக்கடை கலந்தால், பத்து வாளியிலும் அளவு ஏறக்குறைய 22. இப்போது சாக்கடையைக் கூட்ட வேண்டாம். கோடையில் ஆற்று நீர் குறைந்து, ஒன்பது வாளி நான்கு வாளியாகி விட்டது என்று மட்டும் வைத்துக் கொண்டால், அளவு 42-க்கு ஏறி விடுகிறது. ஒரு சொட்டு அழுக்குகூட அதிகமாகவில்லை. ஆயினும் ஆறு இரண்டு மடங்கு கெட்டு விட்டது! 56 என்ற எண்ணை இதே கணக்கில் பின்னோக்கிப் போட்டால், ஒரு வாளிச் சாக்கடைக்கு மூன்று வாளி நல்ல நீர்கூட இல்லை என்று வருகிறது.

ஆகவே ஆறு கெடுவதற்குக் காரணம் கரையில் கொட்டுபவர் மட்டுமல்ல. மேலே அணையில் எடுக்கப்படும் நீரும் கணக்கில் வருகிறது. குழாயைத் திறக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும், அது ஆற்றிலிருந்து ஐந்து மைல் தள்ளிக் குன்றின் மேல் இருந்தாலும், இதில் பங்கு உண்டு.

இந்த வாளிக் கணக்கைப் பெரிய அளவில் செய்வதைத்தான் விஞ்ஞானிகள் மாதிரிக் கணக்கு என்கிறார்கள். அமெரிக்காவில் ஓஹையோ ஆற்றை ஆராய்ந்து ஸ்ட்ரீட்டர், பெல்ப்ஸ் என்ற இருவர் 1925-ல் இதற்கு ஒரு சூத்திரம் வெளியிட்டனர். அவர்கள் காட்டிய உண்மை இன்றும் மாறவில்லை: சாக்கடை விழும் இடத்திலேயே ஆறு மிக மோசமாவதில்லை. நுண்ணுயிர்கள் தின்னத் தின்னப் பிராணவாயு குறைந்து கொண்டே போய், வெகு தூரம் கீழே சென்ற பிறகே அடிமட்டத்தைத் தொடுகிறது. அதாவது மீன் செத்து மிதக்கும் இடம் வேறு. குற்றம் நடந்த இடம் வேறு. கீழே குடியிருப்பவன் மீது பழி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நொய்யல் சொன்னதும் சொல்லாததும்

தமிழ்நாட்டில் நொய்யலாற்றை எடுத்துக் கொள்ளலாம். திருப்பூர்ச் சாயப் பட்டறைகளின் உப்பு நீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் நிலம் கெட்டது. வழக்கு நடந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அங்கே அழுக்கு எது என்று தெரிந்தது. அது எந்தத் தொழிலிலிருந்து வந்தது என்பதும் தெரிந்தது. எனவே பொறுப்பைச் சுட்டிக் காட்ட முடிந்தது.

கரமனையாற்றில் நிலைமை வேறு. இங்கே பெரும்பாலும் வீட்டு அழுக்குதான் பிரச்னை. ஒரு பெரிய குழாய்க்குப் பதில் ஆயிரம் சிறு குழாய்கள். முட்டத்தறையில் நாளொன்றுக்கு 10 கோடியே 70 லட்சம் லிட்டர் சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2013-ல் வந்தது. தொடக்க ஆண்டுகளில் அதன் கொள்ளளவில் பாதிகூட வந்து சேரவில்லை. நிலையம் தயார், வீடுகளை அதனோடு இணைக்கும் குழாய் தயாரில்லை. வண்டி நிற்கிறது, பிளாட்பாரத்துக்கு வழியில்லை என்பது போன்ற கதை. குழாய் எட்டாத வீடுகளுக்குக் கழிவுத் தொட்டிதான் கதி. தொட்டி நிரம்பி வழிந்தால் ஓடை. ஓடைக்குப் பின் ஆறு.

வெயிலும் இதில் சேர்த்தி

தண்ணீர் கெடுவதும் ஊர் சுடுவதும் இரண்டு தனிச் செய்திகள் அல்ல. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான் தாங்கும். அதே வேளையில் சூட்டில் நுண்ணுயிர்களின் பசி அதிகமாகிறது. வரவு குறைந்து செலவு கூடுகிறது. மூளையைத் தாக்கும் அமீபாக்களில் முக்கியமான ஒன்று வெதுவெதுப்பான நன்னீரிலேயே செழிக்கிறது. மூக்கு வழியாக உள்ளே போகிறது. 2024-ல் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு குளத்தில் குளித்தவர்களுக்கு இந்த நோய் கண்டபோதுதான் பலரும் குளத்து நீரைப் பயத்தோடு பார்க்கத் தொடங்கினர்.

நகரம் சுடுவதை அளக்கும் கலை பழையது. லண்டனில் லூக் ஹோவர்டு என்பவர் 1818-ல் வெளியிடத் தொடங்கிய நூலில், நகரத்து இரவு சுற்றுப்புறக் கிராமத்து இரவைவிட ஏறக்குறைய 2 டிகிரி அதிகச் சூடு என்று கணக்குக் காட்டினார். திருவனந்தபுரமும் இதில் பின்தங்கியதல்ல. சுவாதித் திருநாள் மகாராஜா 1837-லேயே இங்கே வானிலை, வான நூல் ஆராய்ச்சிக்கு ஒரு நிலையம் அமைத்தார்.

ஆனால் வானிலை அறிக்கையில் வரும் வெப்பம் எங்கே எடுக்கப்படுகிறது? புல்தரையின் மேல், வெயில் படாமல் காற்றோட்டமாக வைத்த வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும் தர்மாமீட்டரில். விதி அப்படி, அதில் தவறில்லை. ஆனால் அகலப்படுத்தப்பட்ட கரமனைச் சாலையின் தார், நிழல் தந்த மரம் போன இடத்தில் வந்த கான்கிரீட், தகரக் கூரை போட்ட வாடகை அறை ஆகியவற்றின் சூடு அந்தப் பெட்டிக்குள் தெரியாது. பகலில் வாங்கிய வெயிலைச் சுவர் இரவில் திருப்பிக் கொடுக்கிறது. கடற்கரை ஊர்களில் 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட நாலரை டிகிரி கூடினால்தான் வெப்ப அலை என்று கணக்கு. அந்த வரம்புக்குக் கீழேயே, காற்றின் ஈரத்தால் வியர்வை காயாமல் தொழிலாளி துவண்டு போகிறான். கோடையில் வெளிவேலைக்காரர்களுக்கு நண்பகல் 12 முதல் 3 மணி வரை ஓய்வு தர வேண்டும் என்று கேரளத் தொழிலாளர் துறை உத்தரவிட்டு வருவது இதை உணர்ந்துதான். ஆனால் இரவு தூக்கத்தைக் காக்கும் உத்தரவு எதுவும் இல்லை.

பழி யார் மீது?

அளவு இல்லாத இடத்தில் பழி எளியவன் மீது விழுவது உலக வழக்கம். 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டில் (தமிழ்நாட்டில் வாய்க்கால் என்பதை இங்கே தோடு என்கிறார்கள்) குப்பை அள்ள இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் இழுத்துச் செல்லப்பட்டார். மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. அந்தத் தோடு கரமனையாற்றில் சேர்வதல்ல, ஆக்குளம் காயலுக்குப் போவது. எனினும் கதை ஒன்றே. குப்பை யாருடையது, அள்ளும் பொறுப்பு யாருடையது என்று ரயில்வேக்கும் மாநகராட்சிக்கும் அரசுத் துறைக்கும் இடையே வாதம் எழுந்தது. எந்த வார்டிலிருந்து எவ்வளவு வந்தது என்ற கணக்கு முன்பே இருந்திருந்தால், அந்த வாதத்துக்கே இடமிருந்திராது. கணக்கில்லாத குப்பைக்கு ஓர் ஏழையின் உயிர் வரவு வைக்கப்பட்டது.

கரமனையிலும் இதே ஆபத்து இருக்கிறது. கரையோர லைன் வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்களைக் காட்டி "இவர்களால்தான்" என்று சொல்வது சுலபம். வீட்டுக்காரர் கட்டாத கழிவுத் தொட்டிக்குக் குடியிருப்பவர் எப்படிப் பொறுப்பாவார்?

செய்யக் கூடியவை

ஆற்றின் வாயருகே ஓரிடத்தில் எடுக்கும் அளவு, நோய் இருக்கிறது என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது. கிள்ளியாறும் ஒவ்வொரு ஓடையும் ஆற்றில் விழும் முனைகளில் தனித்தனியே அளந்து, அந்த எண்ணை வார்டு அலுவலகப் பலகையில் எழுதிப் போட வேண்டும். அப்போது பொறுப்பு தானாகவே வீடு தேடிப் போகும். இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. புவி அறிவியல் ஆய்வு மையம் ஆக்குளத்தில் இருக்கிறது. பல்துறை விஞ்ஞான ஆய்வுக்கூடம் கரமனையை அடுத்த பாப்பனங்கோட்டிலேயே இருக்கிறது.

வாசகர்கள் தங்கள் பங்குக்குச் செய்யக் கூடியதும் உண்டு. கிணற்று நீரைக் குடிப்பவர்கள் அதைக் கேரளக் குடிநீர் வாரியத்தின் சோதனைக்கூடத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக் கொள்ளலாம். அதுவரை காய்ச்சியே குடிக்க வேண்டும். வாடகைக்கு வீடு பார்க்கும்போது அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்கும் அதே மூச்சில், கழிவுக் குழாய் எங்கே போய் முடிகிறது என்றும் கேட்க வேண்டும். ஆற்று நீரின் அளவுகளைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டுப் பெற எந்த இந்தியக் குடிமகனுக்கும் உரிமை உண்டு. ரேஷன் கார்டு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்க முடியாது. மொழி தடையென்று தயங்க வேண்டாம். இம்மாநிலத் தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம் என்று 1969-ம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தந்திருக்கிறது.

கரமனையாற்றங்கரைக் குடியிருப்பவர்கள் தங்கள் மீது விழும் பழியைச் சத்தம் போட்டு மறுக்க வேண்டியதில்லை. "அளந்து சொல்லுங்கள்" என்று கேட்டால் போதும்.