டோக்கன் இல்லாமல் வண்டி போகக் கூடாது

2019 அக்டோபர் கடைசியில் கூடங்குளம் பற்றி வந்த செய்தி உங்களில் பலருக்கு நினைவிருக்கலாம். அணுமின் நிலையத்துக் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது என்று பேச்சு கிளம்பியது. 29-ஆம் தேதி மறுப்பு அறிக்கை வந்தது. மறுநாளே அணுமின் கழகம், உண்மைதான் என்று சொல்லிவிட்டது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டோடு இணைந்திருந்த ஒரு கணினி. உலையைக் கட்டுப்படுத்தும் கணினிகள் தனி வலைப்பின்னலில் இருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்கள்.

அந்தத் தனிமைதான் காப்பு. ஆனால் இன்று ஆலைகளில் எல்லாம் எழும் கேள்வி, "கன்ட்ரோல் ரூம் சர்வரை வெளியூரிலிருந்தே திறந்து பார்க்க ஒரு வழி வைக்கலாமா?" என்பது. கட்டுப்பாட்டு அறையில் பல வருஷம் ஷிப்ட் பார்த்தவன் என்ற முறையில் என் கருத்து: வைக்கலாம், ஆனால் சாவி ஆலைக்குள் இருக்க வேண்டும்.

வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு ராத்திரி சர்வர் டிஸ்க் ஒன்று போய்விட்டது. திரையில் வந்த ஆங்கில வரிகளை எழுத்தெழுத்தாகப் போனில் படித்துச் சொன்னோம். ஒன்றும் நடக்கவில்லை. சென்னையிலிருந்து இன்ஜினியர் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறி மறுநாள் காலை வந்தார். அவர் செய்தது பத்து நிமிஷ வேலை. அவர் கண்ணுக்கு அந்தத் திரை அன்று ராத்திரியே தெரிந்திருந்தால் எவ்வளவோ மிச்சம்.

அதற்கு இப்போது மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, டீம்வியூவர், எனிடெஸ்க் மாதிரி மென்பொருள். செலவு குறைவு. ஆனால் விண்டோஸே எழுந்திருக்காதபோது அதுவும் தூங்கும். வேண்டிய நேரத்தில் உதவாது.

இரண்டாவது, சர்வருக்குள்ளேயே வரும் மேலாண்மை சிப். எச்பி இதை ஐலோ என்கிறது, டெல் ஐடிராக் என்கிறது. சர்வர் அணைந்திருந்தாலும் மின்சாரம் இருக்கும்வரை இது விழித்திருக்கும். வசதியும் அதுதான், பயமும் அதுதான். இந்தச் சிப்புகள் பேசும் ஐபிஎம்ஐ முறையில், எந்தப் பாஸ்வேர்டு கொடுத்தாலும் கதவு திறக்கும் ஓட்டை ஒன்று 2013-இல் வெளியே வந்தது. 2021-இல் ஈரானில் ஐலோவுக்குள்ளேயே ஒளிந்திருந்த தீநிரலைக் கண்டுபிடித்தார்கள். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாலும் அது போகாது.

மூன்றாவது, கேவிஎம் என்கிற தனிப் பெட்டி. சர்வரின் திரை, கீபோர்டு, மவுஸ் சாக்கெட்டுகளில் வெளியே மாட்டுவது. இதிலும் ஓட்டை வரலாம். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற பொருள். கையால் பிடுங்கி எடுக்கலாம். நான் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதைத்தான்.

கேபிளைச் சாதாரண நாளில் பிடுங்கியே வைத்திருக்க வேண்டும். வெளியூர் இன்ஜினியர் போன் செய்தால், ஷிப்ட் இன்சார்ஜ் யார், எதற்கு என்று கேட்டு லாக் புக்கில் எழுதிவிட்டுச் சொருக வேண்டும். வேலை முடியும்வரை அவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முடிந்ததும் பிடுங்க வேண்டும். ஆளுக்கொரு பாஸ்வேர்டு, வேலையை விட்டுப் போனவருடையதை அன்றே எடுத்துவிட வேண்டும்.

பொன்மலைக்காரர்களுக்கு இது புதிதல்ல. டோக்கன் முறை இருந்த ஒற்றைப் பாதைகளில் டோக்கன் பந்து டிரைவர் கைக்கு வராமல் வண்டி கிளம்பாது. ஒரு பந்து வெளியே இருந்தால் அடுத்த பந்து இயந்திரத்திலிருந்து வராது. எத்தனை நம்பிக்கையான டிரைவராக இருந்தாலும் பந்து வேண்டும். ஆளை நம்பாததால் வந்த ஏற்பாடு இல்லை அது. ஆள் அசந்தாலும் விபத்து நடக்கக் கூடாது என்பதற்காக வந்தது.

"ராத்திரி இரண்டு மணிக்கு யார் சொருகுவது?" என்று கேட்கிறார்கள். ஷிப்டில் ஆள் இருக்கிறாரே! ஆளில்லாத நீரேற்று நிலையம் மாதிரி இடங்களில் தூரத்திலிருந்து பார்க்க மட்டும் வழி வைக்கலாம். இயக்குவதற்குப் பக்கத்து நிலையத்திலிருந்து ஒருவர் போகட்டும்.

எனக்கு உண்மையான கவலை வேறு. இந்த வசதியைக் காட்டி ஷிப்ட் ஆட்களைக் குறைக்கப் பார்ப்பார்கள். 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் என்ன நடந்தது? விஷமிகள் தொலைவிலிருந்தே மின்வாரியக் கணினிகளைப் பிடித்தார்கள். ஆப்பரேட்டர் கண்முன்னே மவுஸ் அம்பு தானாக நகர்ந்து பிரேக்கர்களைத் திறந்தது. சுமார் 2,25,000 இணைப்புகள் இருளில் மூழ்கின. சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது எப்படி? துணைமின் நிலையங்களுக்கு ஆட்கள் நேரில் போய்க் கையால் பிரேக்கரைப் போட்டார்கள். அந்த ஆட்களும், கையால் போடத் தெரிந்த பழக்கமும் இல்லாமல் போயிருந்தால்?

தூரத்து வசதி நிபுணரின் பயணத்தை மிச்சப்படுத்தட்டும். இடத்தில் நிற்கும் ஆளை மிச்சப்படுத்தக் கூடாது. உங்கள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இந்த வேலையில் இருந்தால் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள்: "அந்தக் கேபிள் இந்த நிமிஷம் சொருகியிருக்கிறதா, பிடுங்கியிருக்கிறதா?" உடனே பதில் வந்தால் அந்த ஆலை நல்ல கையில் இருக்கிறது.