தங்கவயலின் மண்மலைகள்

பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் தொடர்வண்டியில் முதன்முறையாக வருவோர், உரிகத்தை நெருங்கும்போது தென்படும் வெளிறிய மேடுகளைக் குன்றுகள் என்றே எண்ணுவர். உச்சி தட்டையாகவும், பக்கங்கள் மழைநீர் அரித்த வாய்க்கால்களோடும் அவை நிற்கும். புல் முளைத்த இடம் குறைவு. ஊரார் அவற்றைச் 'சயனைடு மலை' என்பர். திரைப்படக் குழுவினர் சண்டைக் காட்சி எடுக்க வருவதும், சிறுவர்கள் சறுக்கி விளையாடுவதும் அங்குதான். கோலார் தங்கவயலில் இத்தகைய மேடுகள் 13 உள்ளன. ஏறத்தாழ 1000 ஏக்கரில் 3.3 கோடி டன் கழிவுமண் குவிந்து கிடப்பதாக அரசு கணக்கிட்டுள்ளது.

இம்மலைகள் உருவான விதத்தை அறிந்தால்தான் இவற்றால் வரும் தீங்கையும் அறிய முடியும். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குச் சுரங்கத் தொழிலைத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் பாறையை வெட்டி மேலே அனுப்பின. தங்கம் பாறையில் கண்ணுக்குத் தெரியாத துகளாகக் கலந்திருக்கும். ஆகவே பாறையை மாவுபோல அரைத்து, சயனைடு கரைத்த நீரில் ஊறவைப்பர். தங்கம் அந்நீரில் கரையும். பின்னர்த் துத்தநாகத் தூளிட்டுத் தங்கத்தைப் பிரிப்பர். 1887இல் கிளாஸ்கோவில் கண்டறியப்பட்ட இம்முறையே உலகத் தங்கச் சுரங்கங்களின் போக்கை மாற்றியது. தங்கம் பிரிந்தபின் எஞ்சிய சேறு வெளியே கொட்டப்பட்டது. ஒரு நூற்றாண்டு கொட்டியதே இன்று மலையாக நிற்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தங்கவயல் தன் வாழ்நாளில் கொடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன். கழிவுமண்ணை அதனால் வகுத்தால் ஒரு கிராம் தங்கத்துக்கு 41 கிலோ மண் கிடைக்கும். ஒரு பவுனுக்கு 330 கிலோ! பவுன் பல ஊர்களுக்குப் போய்விட்டது. 330 கிலோ மண் இவ்வூரிலேயே தங்கிவிட்டது.

சயனைடு என்ற சொல்லே அச்சம் தருவது. உடலின் அணுக்கள் உயிர்க்காற்றைப் பயன்படுத்த முடியாமல் செய்து அது உயிரைப் போக்கும். ஆயினும் வெயிலும் காற்றும் பட்டால் சயனைடு நாளடைவில் சிதைந்துவிடும். சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டு இரு பத்தாண்டுகள் கடந்த நிலையில், மேற்பரப்பு மண்ணில் சயனைடைத் தேடுவதைவிட மற்றவற்றைத் தேடுவதே அறிவுடைமை. தங்கப் பாறைகளில் கந்தகத் தாதுக்கள் கலந்திருப்பது வழக்கம். பாறைக்குள் உறங்கிய அவை மாவாக அரைபட்டபின் மழையும் காற்றும் பட்டு அமிலத்தை உண்டாக்கும். அமில நீர் ஆர்சனிக், ஈயம் போன்ற உலோகங்களைக் கரைத்து எடுத்துச் செல்லும். இவை வெயிலில் சிதைவன அல்ல. ஆர்சனிக் கலந்த நீருக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆண்டுக்கணக்கில் அதைக் குடித்தோரின் தோலில் புள்ளிகளும், உள்ளங்கைகளில் தடிப்பும் தோன்றுவதையும், பின்னர்ப் புற்றுநோய் வருவதையும் மேற்கு வங்க ஊர்கள் கண்டுள்ளன. அங்கு ஆர்சனிக் இயற்கையாக நிலத்தடியிலிருந்து வந்தது. விளைவு என்னவோ ஒன்றுதான்.

காற்று வீசும் மாதங்களில் இந்த மாவு வீடுகளுக்குள் வந்து படிகிறது. சிலிக்கா தூசி நுரையீரலை இறுகச் செய்யும் என்பதைத் தங்கவயலுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இந்தியாவில் சிலிக்கோசிஸ் நோய் 1940களில் முதன்முதலாக ஆராய்ந்து பதிவு செய்யப்பட்டது இச்சுரங்கத் தொழிலாளர்களிடம்தான்.

ஆனால் தூசி கண்ணுக்குத் தெரிகிறது. அதைப் பற்றிப் பேச்சும் எழுகிறது. நீரைப் பற்றிய பேச்சுதான் போதவில்லை. மழைக்காலத்தில் மேடுகளிலிருந்து வழியும் சேறு ஓடைகளில் இறங்கித் தாழ்ந்த நிலங்களைச் சேர்கிறது. கோலாரோ ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத மாவட்டம். தங்கவயலின் குடிநீருக்குப் பாலாற்றுப் பேத்தமங்கலம் ஏரி நெடுங்காலம் துணை நின்றது; அது வற்றும்போதெல்லாம் ஆழ்துளைக் கிணறே கதி. ஆழம் கூடக்கூட, இம்மாவட்டத்தின் நிலத்தடியில் இயல்பாகவே உள்ள ஃப்ளோரைடும் நீரோடு சேர்ந்து வரும். 2018இல் பெங்களூருவின் சுத்திகரித்த கழிவுநீரைக் கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கிலிருந்து குழாய் வழியாகக் கோலார் ஏரிகளுக்குக் கொண்டுவந்தனர். லட்சுமிசாகர ஏரியில் நுரை பொங்கியது. வழக்கு உயர்நீதிமன்றத்துக்கும் பின்னர் உச்சநீதிமன்றத்துக்கும் சென்றது. நீருக்கு ஏங்கும் மாவட்டம் எந்த நீரையும் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லை. அதனால்தான் நீரின் தரத்தை மற்ற இடங்களைவிட இங்குக் கடுமையாகப் பார்க்க வேண்டும்.

இந்தியக் குடிநீர்த் தரம் ஒரு லிட்டரில் 0.01 மில்லிகிராம் ஆர்சனிக்கையும் 0.05 மில்லிகிராம் சயனைடையும் எல்லையாக வைத்துள்ளது. இவ்வளவு சிறிய அளவை நாக்கு அறியாது, ஆய்வுக்கூடம்தான் அறியும். காய்ச்சிக் குடித்தால் போதும் என்னும் நம்பிக்கையும் இங்கு உதவாது. காய்ச்சினால் கிருமி சாகும், உலோகம் போகாது. நீர் ஆவியாகக் குறையும்போது, மீந்த நீரில் அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்யும்.

2024 சூன் மாதம், இம்மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. ஊரில் பலர் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சியைக் குறை கூற இயலாது. சுரங்கம் மூடியபின் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் தொடர்வண்டி ஏறிப் பெங்களூருவுக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். உள்ளூரில் வேலை கிடைக்குமென்றால் யார்தான் வேண்டாம் என்பர்? தங்கம் எடுத்தபின் மண்ணை ஒழுங்காக அடக்கி மூடினால் ஊருக்கும் நன்மையே. எனவே திட்டத்தை அடியோடு மறுப்பது சரியன்று. எந்த நிபந்தனையோடு அது நடக்கும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அக்கேள்விக்கு ருமேனியா நாட்டின் பாயா மாரே நகரம் ஓர் எச்சரிக்கையை வைத்திருக்கிறது. அங்கும் பழைய தங்கக் கழிவுமேடு குடியிருப்புகளை ஒட்டிக் கிடந்தது, தூசி பறந்தது. மேட்டை அகற்றி, அதில் எஞ்சிய தங்கத்தையும் சயனைடால் பிரித்தெடுக்க ஓர் ஆலை வந்தது. ஊரைத் தூய்மையாக்கும் திட்டம் என்றே அது வரவேற்கப்பட்டது. 2000 சனவரி 30ஆம் நாள் இரவு அதன் கழிவுக்குளத்தின் கரை உடைந்து, ஏறத்தாழ ஒரு லட்சம் கன மீட்டர் சயனைடு நீர் ஆற்றில் பாய்ந்தது. நஞ்சு எல்லை கடந்து ஹங்கேரியின் டிசா ஆற்றையும், பின்னர் டான்யூபையும் அடைந்தது. ஆயிரம் டன்னுக்கு மேல் மீன்கள் மடிந்தன. பழைய கழிவு செய்யாத கேட்டைப் புதிய கழிவு ஓர் இரவில் செய்துவிட்டது.

கேடு நேர்ந்தால் யார் பொறுப்பு? இதற்கான விடை பேத்தமங்கலத்தைக் கடந்து ஓடும் அதே பாலாற்றின் கரையிலேயே எழுதப்பட்டது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. நெறி பிறந்தது; ஆறு தூயதாகவில்லை. 28 ஆண்டுகள் கழித்து, 2025 சனவரியில் அதே பாலாற்று மாசுக்காக அதே நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. தங்கவயலில் சிக்கல் இன்னும் பெரிது. இம்மண்ணைக் கொட்டியவர்களுள் ஆங்கிலேய நிறுவனம் எப்போதோ போய்விட்டது. அதன்பின் சுரங்கத்தை நடத்திய அரசு நிறுவனமும் மூடப்பட்டது. கேட்பதற்கு எஞ்சியிருப்பது அரசு ஒன்றே. புதிதாக வரும் நிறுவனமோ பழைய மாசுக்குத் தாம் பொறுப்பல்ல என்று எளிதில் கூறிவிடும்.

இதனால்தான் காலவரிசை முதன்மை பெறுகிறது. மேடுகளைச் சுற்றியுள்ள கிணறுகள், ஓடைகள், ஏரிகள் அனைத்தின் நீரும், கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் சோதிக்கப்பட வேண்டும். சோதனை முடிவுகள் ஆங்கிலக் கோப்பில் உறங்காமல், ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் சாம்பியன் சுரங்கக் குடியிருப்புகளிலும், மக்கள் குடத்தோடு நிற்கும் குழாயடியில் கன்னடத்திலும் தமிழிலும் எழுதி வைக்கப்பட வேண்டும். இவையெல்லாம் முதல் மண்வாரி இயந்திரம் மேட்டைத் தொடுவதற்கு முன்பே நடந்தாக வேண்டும். தொட்ட பின்னர் எடுக்கும் நீரில் எது பழைய மாசு, எது புதிய மாசு என்று எந்த ஆய்வுக்கூடத்தாலும் பிரித்துச் சொல்ல இயலாது.